தினமும் மாறும் ஷெட்யூல்: எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது?

கப்பலூர்_திட்டம் | செவ்வாய், இரவு 10.20

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட்டில் உற்பத்தித் திட்டம் பார்க்கிறேன். இரு சக்கர வண்டிகளுக்குப் போகும் புஷ், குரோமெட், டாம்பர் மாதிரி சின்னச் சாமான்கள். 8 பிரஸ் (ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் மெஷின்), 60க்கு மேல் பார்ட் நம்பர்.

மாத ஆரம்பத்தில் கஸ்டமரிடமிருந்து ஷெட்யூல் வரும். இந்த மாதம் உறுதி, அடுத்த இரண்டு மாதம் உத்தேசம் என்று போட்டிருக்கும். அதை வைத்து எந்த பிரஸ்ஸில் எந்த மோல்டு (அச்சு), எந்த நாளில் எந்தக் கம்பவுண்ட் (ரப்பர் கலவை) என்று நான் பிரித்துக் கொடுப்பேன். 8ஆம் தேதிக்குள் அந்தத் தாளுக்கும் தரையில் நடக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்காது. "அந்த புஷ் நாளைக்கு வேணும், இல்லைன்னா லைன் நிக்கும்" என்று ஒரு போன் வந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் மோல்டை இறக்கி வேறொன்றை ஏற்றுவார்கள். ஏற்றிய மோல்டு சூடேறி முதல் நல்ல பீஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

போன வாரம் எண்ணிப் பார்த்தேன். திட்டப்படி ஒரு நாளைக்கு 6 மோல்டு மாற்றம். நடந்தது சராசரியாக 11. கூடுதல் 5 மாற்றம் என்றால் ஏழரை மணி நேரம். சுற்றுக்கு 10 நிமிடம், மோல்டில் 16 கேவிட்டி (ஒரு சுற்றில் 16 பீஸ்) என்று வைத்தால் 45 சுற்று, 720 பீஸ். தினமும் இவ்வளவு போகிறது. இது தவிர, பழைய திட்டத்துக்குக் கலந்து வைத்த கம்பவுண்ட் இந்த வெயிலில் கிடந்து கெடுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி தனி வண்டி பிடித்துச் சரக்கை அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது மணி 12.

ஆபீஸில் இரண்டு கட்சி. மார்க்கெட்டிங், கஸ்டமர் கேட்டால் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது. உற்பத்தி, மாதத் திட்டத்தில் ஒரு வரிகூட மாற்றக்கூடாது என்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்து ஓட்டுகிறீர்கள்?

---

திருநகர்_பழையவர் | செவ்வாய், இரவு 11.05

தம்பி, 31 வருஷம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழி சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி.

கம்பவுண்ட் கலப்பதிலிருந்து பெட்டி கட்டி அனுப்பும் வரை ஒரு பீஸுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆகிறது? திட்டத்தை மாற்ற யாருக்கெல்லாம் அதிகாரம் இருக்கிறது? அவசரம் என்று வாங்கிப் போன சரக்கை கஸ்டமர் எத்தனை நாள் கழித்து லைனில் போட்டார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

---

கப்பலூர்_திட்டம் | வியாழன், இரவு 9.15

ஐயா, முதல் கேள்விக்கு 4 நாள், சில சாமானுக்கு 5. கலக்க ஒரு நாள், கம்பவுண்ட் ஆறிப் பதமாக ஒரு நாள், மோல்டிங், பிசிறு வெட்டுவது, செக்கிங், பேக்கிங்.

இரண்டாவதற்கு: போன் நம்பர் வைத்திருக்கும் எல்லாரும். கஸ்டமர் தரப்பு ஆள் நேராக எங்கள் சூப்பர்வைசருக்கே பேசிவிடுகிறார்.

மூன்றாவதற்காக இன்று போயிருந்தேன். கடந்த வாரம் அவசரமாக அனுப்பிய 7 அயிட்டங்களில் 2 மட்டும்தான் அன்றைக்கே லைனுக்குப் போயிருக்கிறது. மற்ற 5 இன்னும் அவர்கள் ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. பார்த்ததும் மனது கஷ்டமாகப் போய்விட்டது. அந்த 5க்காகவும் எங்கள் ஆட்கள் இரண்டாவது ஷிப்டைத் தாண்டி நின்றார்கள்.

---

மாட்டுத்தாவணி_பூ | வெள்ளி, காலை 11.40

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்துகிறோம், அப்பா காலத்திலிருந்து. திட்டத்தைப் பூட்டுவது பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று தெரிகிறது. எங்கள் தொழிலில் பூட்டினால் பூ வாடிவிடும்.

மல்லிகையை விடியுமுன் மொட்டாகப் பறிப்பார்கள். சாயங்காலம் விரிந்துவிடும். இடையில் உள்ள நேரம்தான் வியாபாரம். வெயில் காலத்தில் பூ கொட்டும். மார்கழி, தையில் பனிக்கு மொட்டு கட்டாது, அதே நேரத்தில் பொங்கலும் முகூர்த்தமும் வரும். மே மாதம் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போன பூ, தையில் ஆயிரங்களில் போகும். ஒரே நாளில் காலை விலை ஒன்று, 10 மணி விலை ஒன்று. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம். ஆனாலும் அன்றன்றைக்குப் பார்த்து, அந்தந்த நிமிஷம் முடிவெடுப்பவன்தான் இங்கே பிழைக்கிறான்.

---

திருநகர்_பழையவர் | வெள்ளி, இரவு 8.50

பூக்கடைக்காரர் சொல்வது அவர் சரக்குக்குச் சரி. ஆனால் அவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பூ கொண்டுவரும் விவசாயி தினமும் மாறுகிறாரா? முன்பணம் கொடுத்து வருஷக்கணக்கில் அவரைக் கூடவே வைத்திருக்கிறீர்களே, அது என்ன? பூ மிஞ்சினால் சென்ட் ஃபேக்டரிக்குத் தள்ளிவிட ஏற்பாடு இருக்கிறதே, அது என்ன? விலையும் அளவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறலாம். ஆளும், வழியும், நேரமும் மாறுவதில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ இன்ன நேரத்துக்கு இன்ன வண்டியில் வரும் என்பது உங்களுக்கு மனப்பாடம். அந்த உறுதி இருப்பதால்தான் விலையில் உங்களால் அவ்வளவு வேகமாக ஆட முடிகிறது.

சரி, கப்பலூர் தம்பிக்கு வருகிறேன். நாட்களை மூன்றாகப் பிரியுங்கள். இன்றிலிருந்து 5 நாள் பூட்டு. எந்த மோல்டு எந்த பிரஸ்ஸில் என்பதை அதற்குள் யாரும் தொடக்கூடாது. 6ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள் வரை பாதி திறப்பு: அதே கம்பவுண்டில் ஓடும் பார்ட்டுகளுக்குள் அளவை மாற்றிக்கொள்ளலாம், மொத்த டன் மாறக்கூடாது. அதற்கு அப்பால் முழுத் திறப்பு, கஸ்டமர் தினமும் மாற்றட்டும், நாம் வாங்கி வைத்துக்கொள்வோம்.

ஏன் 5 நாள்? நீங்களே சொன்னீர்கள், உள்ளே போன கம்பவுண்ட் வெளியே வர 4 முதல் 5 நாள். அந்த வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதை மாற்றினால் கழிவுதான். சில கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன், பாதுகாப்பு என்று 15 நாள், 30 நாள் பூட்டுவார்கள். அப்படிச் செய்தால் கஸ்டமர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். பூட்டு நம் உள்வேலை நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீளக்கூடாது. வேகம் வேண்டும் என்றால் அந்த உள்வேலை நாளைக் குறையுங்கள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த கணக்கு ஒன்று உண்டு: தரையில் பாதியில் கிடக்கும் பீஸை ஒரு நாள் உற்பத்தியால் வகுத்தால் ஒரு பீஸ் உள்ளே கிடக்கும் நாள் வரும். 12,000 பீஸ் கிடந்து, ஒரு நாளைக்கு 3,000 வெளியே போனால் 4 நாள். கிடப்பதை 6,000 ஆகக் குறைத்தால் 2 நாள். பூட்டும் அதோடு சேர்ந்து சுருங்கும்.

நீங்கள் கஸ்டமர் ஸ்டோரில் பார்த்த அந்த 5 பெட்டி இருக்கிறதே, அதற்கு சாட்டை விளைவு என்று சொல்வார்கள். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. குழந்தைகள் டயப்பர் கட்டுவது வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. கடை விற்பனையும் அப்படியே. ஆனால் மொத்த வியாபாரிகளின் ஆர்டர் ஏறி இறங்குவதையும், தாங்கள் மூலப்பொருள் கேட்பது அதைவிட ஆடுவதையும் டயப்பர் செய்யும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கவனித்தது. 1997இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாவ் லீயும் உடன் இருந்தவர்களும் காரணங்களை விளக்கினார்கள். அதில் ஒன்று, பற்றாக்குறை வருமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் கேட்பது. உங்கள் கஸ்டமர் செய்வது அதுதான். சொன்ன நாளில் சரக்கு வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. அதனால் எல்லாவற்றையும் அவசரம் என்கிறார். நீங்கள் அவசரத்துக்கு ஓடுவதால் சொன்ன நாள் மறுபடியும் தவறுகிறது.

---

கணக்கு_72 | சனி, காலை 7.30

ஐயா சொல்லும் பூட்டு எனக்கும் சம்மதம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் அடுத்துச் செய்வது, "அப்போ ரெடி ஸ்டாக் நிறைய வைத்துக்கொள்ளலாம்" என்பது. வண்டி உதிரிபாகத் தொழிலில் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன். 2017 மார்ச் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிஎஸ் 3 (பழைய புகை விதி) வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று சொன்னது. இடையில் இருந்தது இரண்டே நாள். பிறகு 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 6. ஒவ்வொரு மாற்றத்திலும் சில பார்ட்டுகள் அப்படியே நின்றுபோகும். முடிந்த சரக்காக அடுக்கி வைத்திருந்தவர்களின் பணம் ரேக்கிலேயே முடங்கியது.

இன்னொன்று. எம்எஸ்எம்இ யூனிட்டில் பணம் திரும்பி வரும் நாள்தான் உயிர். ஸ்டாக் என்பது வங்கி வட்டி.

---

ஹார்பர்_ரோடு | சனி, மதியம் 2.10

தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் அனுப்பும் வேலை. மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்து ரோடு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்த மழையை மறக்க மாட்டேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ரோடு போச்சு, தண்டவாளம் போச்சு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நின்றார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஒரு வாரம், இரண்டு வாரம் கூடுதல்.

ஸ்டாக் எவ்வளவு வைப்பது என்று எல்லாரும் விற்பனையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பொருளின் தினசரித் தேவை 400, அதன் ஏற்ற இறக்கம் 100 என்று வையுங்கள். வந்து சேர 9 நாள். நூற்றில் 95 தடவை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால், அதற்கான புள்ளியியல் எண் 1.65. அதை 100ஆல் பெருக்கி, 9இன் வர்க்கமூலமான 3ஆல் பெருக்க வேண்டும். 495 வரும். சின்ன ஸ்டாக். ஆனால் அந்த 9 நாளே 3 நாள் முன்னே பின்னே ஆடினால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் 1.65, 400, 3 மூன்றையும் பெருக்கி 1,980. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 2,040.

இப்போது சப்ளையரோடும் வண்டிக்காரரோடும் உட்கார்ந்து பேசி, அந்த 3 நாள் ஆட்டத்தை ஒன்றரை நாளாக்கினால்? மொத்தம் 1,107க்கு இறங்கிவிடும். விற்பனைக் கணிப்பில் ஒன்றும் மாறவில்லை. 9 நாள் 8 ஆகவும் இல்லை. சொன்ன நாளில் வருவதால் மட்டும் ஸ்டாக் பாதியானது. சப்ளையரிடம் "சீக்கிரம் கொடு" என்று கேட்காதீர்கள், "சொன்ன நாளில் கொடு" என்று கேளுங்கள் என்று எங்கள் பார்ட்டிகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

---

மாட்டுத்தாவணி_பூ | சனி, மாலை 4.00

பழையவர் ஐயா, நேற்று படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நீங்கள் சொன்னது உண்மை. 20 வருஷமாகப் பூ கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. விலை விழுந்த நாளில் நாங்கள் அவர்களைக் கைவிட்டால், தையில் விலை ஏறும்போது அவர்கள் நிலக்கோட்டைக்குப் போய்விடுவார்கள். இதை ஒரு திட்டம் என்று இதுவரை நினைத்ததே இல்லை.

---

சாயப்பட்டறை | ஞாயிறு, காலை 10.25

சுங்குடி செய்யும் குடும்பம் எங்களுடையது. மேலே எல்லாரும் எத்தனை நாள், எவ்வளவு ஸ்டாக் என்று பேசுகிறார்கள். எந்த நிலையில் நிறுத்தி வைப்பது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே.

முடிச்சுச் சுங்குடியில் வெள்ளைத் துணியில் முடிச்சுப் போடுவதுதான் காலம் பிடிக்கும் வேலை. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெண்கள் வீட்டிலிருந்தே போட்டுத் தருவார்கள், நாள்கணக்கில் ஆகும். சாயம் ஏற்றுவது ஒன்றிரண்டு நாள் வேலை. எந்த நிறம் விற்கும் என்பது கடைசி வரை தெரியாது. ஒரு சித்திரைக்கு மாம்பழ மஞ்சள் ஓடும், அடுத்த சித்திரைக்கு யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் முடிச்சுப் போட்ட வெள்ளையாகவே அடுக்கி வைத்துவிடுவோம். கடையிலிருந்து நிறம் சொன்ன பிறகுதான் தொட்டியில் இறக்குவோம். முடிச்சுப் போடுபவர்களுக்கு வருஷம் முழுக்க ஒரே சீரான வேலை. சாயத்தில் மட்டும் அவசரம், ஓட்டம் எல்லாம்.

இத்தாலியின் பெனட்டன் ஸ்வெட்டரை நிறமில்லாமல் பின்னி வைத்து, பிறகு சாயம் ஏற்றியது என்று படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எங்கள் தாத்தா பட்டறையில் பார்த்த அதே முறை.

கப்பலூர் தம்பி, உங்கள் ரப்பரில் சாயம் ஏற்றாத வெள்ளைத் துணி எது?

---

கப்பலூர்_திட்டம் | ஞாயிறு, மதியம் 1.45

அண்ணே, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

எங்களிடம் இருக்கிறது. மாஸ்டர் பேட்ச். ரப்பர், கார்பன் பிளாக், எண்ணெய் எல்லாம் கலந்தது, ரப்பரை இறுக வைக்கும் கந்தகமும், அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரும் மட்டும் சேர்க்காதது. அந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கந்தகம் சேர்த்துவிட்டால் நாள் எண்ணத் தொடங்கிவிட வேண்டும். மதுரை மே மாத வெயிலில் கலவை அறைக்கு வெளியே வைத்தால், பிரஸ்ஸுக்குப் போகுமுன்னே இறுகத் தொடங்கும். நாங்கள் இதுவரை மொத்தமாக ஒரே மூச்சில் கந்தகம் வரை சேர்த்து முடித்து வைத்திருந்தோம். மிக்சிங் மெஷின் ஓட்டுபவருக்கு அது வசதி. அதனால்தான் திட்டம் மாறும்போதெல்லாம் கம்பவுண்ட் கழிவாகிறது.

60 பார்ட்டுக்கும் சேர்த்து மாஸ்டர் பேட்ச் 5 வகைதான். கணக்கு_72 அண்ணன் சொன்ன பயமும் இதில் இல்லை. வண்டி மாடல் மாறினாலும் அதே 5 வகை வேறு பார்ட்டுக்குப் போகும். பூட்டிய நாட்களுக்கு மட்டும் கந்தகம் சேர்த்தால் போதும் அல்லவா?

---

திருநகர்_பழையவர் | ஞாயிறு, மாலை 6.30

போதும். கண்டுபிடித்துவிட்டீர்கள். கலப்பதில் ஒரு பெரும் பகுதி முன்னாலேயே முடிந்து கிடப்பதால் உங்கள் உள்வேலை நாளும் குறையும், பூட்டை 4 நாளாக்கிவிடலாம். மாஸ்டர் பேட்ச் வரை சீராக, தினமும் ஒரே அளவு கலக்கச் சொல்லுங்கள். கஸ்டமர் போன் அந்த அறைக்கு எட்டவே கூடாது.

ரப்பர் வாங்குவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். இது ஒவ்வொரு வருஷமும் வருவது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு, ஆள் வர மாட்டார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊருக்குள் லோடு வண்டி நகராது. காலண்டரில் அச்சடித்திருக்கும் விஷயங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் தனி வண்டி பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததற்கு முன்கூட்டியே சரக்கு சேர்த்துவிட்டால், தெரியாதது வரும்போது தெம்பு மிச்சம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. 8 பிரஸ்ஸையும் நிரப்பாதீர்கள். ஒன்றை ஒரு ஷிப்டுக்கு வெறுமனே விட்டு வையுங்கள். உண்மையான அவசரம் அதில் ஓடட்டும்.

---

கணக்கு_72 | ஞாயிறு, இரவு 8.05

கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை ஐயா. பிரஸ்ஸுக்குக் கடன் தவணை ஓடுகிறது. சும்மா நிற்கும் மெஷினை எந்த முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

---

அனுப்பானடி_அப்பளம் | திங்கள், காலை 6.50

நாங்கள் அப்பளம் போடுகிறோம். 18 பெண்கள். மிஷின் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பேச்சில் வேலை செய்கிறவர்களை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வெயில்தான் மெஷின். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் காயாது. கல்யாண ஆர்டரும் தீபாவளியும் அப்போதுதான். முன்பெல்லாம் ஆர்டர் வந்தால் ராத்திரி பகலாகப் போடுவோம், வராத வாரம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். உளுந்து விலையும் பர்மாவிலிருந்து வரும் சரக்கைப் பொறுத்து ஆடும். ஒரு வருஷம் பார்த்தேன், கைதேர்ந்த 4 பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பளம் ஒரே கனத்தில் வர ஆறு மாதம் பழக வேண்டும். ஆர்டர் வந்தது, கை இல்லை.

அதற்கப்புறம் பங்குனியிலிருந்து ஆவணி வரை தினமும் ஒரே அளவு மாவு. விற்றாலும் விற்காவிட்டாலும். நன்றாகக் காய்ந்த அப்பளம் காற்றுப் புகாமல் கட்டினால் மாதக்கணக்கில் இருக்கும். மழைக் காலத்துக்கு அதுதான் கையிருப்பு. பெண்களுக்கு வாரா வாரம் இவ்வளவு கூலி வரும் என்று தெரியும், சீட்டுக் கட்ட முடிகிறது. திடீர் ஆர்டர் வந்தால் இன்றைக்கு ஒரு மணி நேரம் கூட இருங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் இருக்கிறார்கள். தினமும் கேட்டால் இருக்க மாட்டார்கள்.

---

கப்பலூர்_திட்டம் | திங்கள், இரவு 9.40

அக்கா, உங்கள் கடைசி இரண்டு வரியை எங்கள் சூப்பர்வைசரிடம் வாசித்துக் காட்டினேன். "இதைத்தான் சார் நான் ரெண்டு வருஷமா சொல்றேன்" என்றார்.

---

திருநகர்_பழையவர் | செவ்வாய், காலை 9.10

கணக்கு_72 அவர்களுக்கு. உங்கள் கவலை நியாயமானது, அதனால் எண்ணோடு பதில் சொல்கிறேன். வேலை ஒழுங்கில்லாமல் வந்து சேரும் ஒரு மெஷினுக்கு, வரிசை பற்றிய எளிய கணக்கு இது. மெஷின் 80 சதவீதம் ஓடினால், ஒரு வேலை அந்த வேலையின் நேரத்தைப் போல 4 மடங்கு வரிசையில் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்தெடுக்கும்போது காத்திருப்பு இரட்டிப்பாகிறது. அந்தக் காத்திருப்புதான் தரையில் பாதிச் சரக்காகக் கிடக்கிறது, நீங்கள் சொன்ன வங்கி வட்டி அதற்கும் ஓடுகிறது.

தம்பி யூனிட்டில் இன்று தினமும் ஏழரை பிரஸ்-மணி கூடுதல் மோல்டு மாற்றத்திலேயே போகிறது. நான் கேட்பது ஒரு ஷிப்ட், 8 மணி. இழந்துகொண்டிருக்கும் நேரத்தைத்தான் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். அவசரம் இல்லாத நாளில் அதே பிரஸ்ஸில் மோல்டு சுத்தம் பண்ணலாம், புது மோல்டுக்கு ட்ரையல் எடுக்கலாம்.

கையிருப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா தன் சப்ளையர்களிடம் சிப் மாதிரியான முக்கியப் பொருளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு வைக்கச் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்கள் லைனை நிறுத்தியபோது அவர்கள் சில மாதம் தாக்குப் பிடித்தார்கள். ஆனால் அவர்களும் அந்த செப்டம்பரில் உலகளாவிய உற்பத்தித் திட்டத்தை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது.

---

கணக்கு_72 | செவ்வாய், காலை 10.00

ஏழரை மணியை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சரி, அந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் முதலாளியிடம் "சும்மா விடும் பிரஸ்" என்று சொல்லாதீர்கள். "அவசர பிரஸ்" என்று பெயர் வைத்து, அதில் ஓடிய ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு எழுதுங்கள். மிச்சமான தனி வண்டி வாடகையையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள் பேசும்.

---

கப்பலூர்_திட்டம் | 6 வாரம் கழித்து, புதன், இரவு 9.30

எல்லாருக்கும் வணக்கம். என்ன ஆனது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

4 நாள் பூட்டு நடைமுறைக்கு வந்துவிட்டது. தினமும் மாலை 4 மணிக்கு 5ஆவது நாளின் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், அதோடு அந்த நாள் பூட்டுக்குள் வந்துவிடும். அதை உடைக்க ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம், எங்கள் பிளான்ட் மேனேஜர். அவரும் கையெழுத்துப் போட்டு, எந்த வேலையை இறக்குகிறோம் என்பதையும் எழுத வேண்டும். முதல் வாரம் 9 கையெழுத்து. போன வாரம் 2. எதை இறக்குவது என்று எழுதச் சொன்னதும் பாதி அவசரம் அங்கேயே நின்றுவிட்டது.

மோல்டு மாற்றம் தினமும் 11லிருந்து 7க்கு வந்திருக்கிறது. கந்தகம் சேர்த்துக் கெட்டுப்போகும் கம்பவுண்ட் கிட்டத்தட்ட இல்லை. மாஸ்டர் பேட்ச் 8 நாளுக்கு வைத்திருக்கிறோம். அது கொஞ்சம் அதிகம், 6 நாளுக்குக் குறைக்கப் பார்க்கிறேன்.

சரியாகாதது ஒன்று. ஒரு கஸ்டமர் பூட்டை ஏற்கவே இல்லை. அவர்களுடைய சொந்த லைன் திட்டமே காலையில்தான் தயாராகிறது. ஹார்பர் ரோடு அண்ணன் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், மாற்றவில்லை. அவர்களுக்குப் போகும் 4 பார்ட்டுக்கு மட்டும் முடிந்த சரக்காக 3 நாள் ஸ்டாக் வைத்து, அதற்கான செலவை அடுத்த விலைப் பேச்சில் கேட்கப் போகிறோம். அவசர பிரஸ்ஸில் ஓடுவதில் முக்கால்வாசி அவர்கள் வேலைதான். கணக்கு_72 அண்ணன் சொன்னபடி தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிசிறு வெட்டும் பகுதியில் உள்ள பெண்கள் போன வாரம் மூன்று நாள் 5.30 பஸ்ஸைப் பிடித்தார்கள்.

---

சாயப்பட்டறை | புதன், இரவு 10.10

தம்பி, ரொம்ப சந்தோஷம். அந்த 4 பார்ட்டும் ஒரே கம்பவுண்ட்தானா? அப்படியென்றால் பிசிறு வெட்டாமல் மோல்டிங் முடித்த நிலையில் நிறுத்தி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

---

கப்பலூர்_திட்டம் | வியாழன், காலை 7.05

மூன்று ஒரே கம்பவுண்ட், ஒன்று வேறு. அந்த மூன்றில் இரண்டு ஒரே மோல்டு, கடைசியில் நீளம் மட்டும் வெட்டி மாற்றுகிறோம் அண்ணே. வெட்டாமல் வைக்கலாம். இன்றைக்கே செக்கிங் ஆட்களிடம் பேசுகிறேன். ஆடி பிறந்ததும் வண்டி விற்பனை குறையும், மோல்டு சுத்தம் முடித்துவிட்டு ஆயுத பூஜை ஷெட்யூல் வருவதற்குள் இதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.